ஜப்பானிய கோப்புப் பெயர் குழம்பினால் டேட்டா ரிகவரி கடைக்கு ஓடாதீர்கள்

ஜப்பான் கம்பெனிகளோடு கோப்பு பரிமாறுகிறவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள்.

நான் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். போன மாதம் நகோயாவிலிருந்து ஒரு ஜிப் கோப்பு வந்தது. இயந்திரப் பராமரிப்புக் கையேடு, உள்ளே 140 கோப்புகள். விரித்துப் பார்த்தால் ஒரு பெயர்கூட ஜப்பானிய எழுத்தில் இல்லை. தலையில் கூரை வைத்த ஆங்கில ‘ஏ’ வரிசையாக நின்றது, நடுநடுவே சம்பந்தமில்லாத எழுத்துகள். பதறிப்போய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினேன்.

“வைரஸ் சார், டிஸ்க்கே போயிட்டிருக்கு” என்றார் கடைக்காரர்.

“திறந்தா உள்ளே எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“இப்போ அப்படித்தான் இருக்கும். அப்புறம் உள்ளேயும் பரவிடும்.”

அப்போதே லேப்டாப்பைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். 4,500 ரூபாய் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது, 1 முதல் 140 வரை வெறும் எண்களாகப் பெயர் மாற்றிய கோப்புகள். எது எந்த அத்தியாயம் என்றே தெரியவில்லை. என்னைக் கேட்காமல் விண்டோஸையும் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

உண்மையில் வைரஸும் இல்லை, டிஸ்க் பழுதும் இல்லை. ஜப்பானில் இதற்கு ‘மொஜிபாகே’ என்று பெயர். ஜப்பானிய விண்டோஸில் உருவாக்கும் ஜிப்பில் பெயர்கள் பெரும்பாலும் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானியக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில், பதிவாகும். நம் கணினி அதையே பழைய 437 குறிப்பக்கமாக (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல்) நினைத்துப் படிக்கிறது. ஜப்பானிய எழுத்துவகைகளில் ஒன்றான கதகானாவில் ஏறக்குறைய எல்லா எழுத்துமே ஒரே முதல் பைட்டில், அதாவது ஒரே எண்ணில், தொடங்கும். அந்த பைட் 437-இல் கூரை வைத்த ‘ஏ’. அதனால்தான் அந்த எழுத்தே திரும்பத் திரும்ப வந்தது. ஜிப்பில் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்தில் பெயர் வைக்க 2006-லேயே வழி வந்துவிட்டது, ஆனாலும் பழைய முறை இன்னும் புழங்குகிறது.

மின்னஞ்சலில் மூல ஜிப் அப்படியே இருந்தது, நல்லவேளை. ஜிப் திறக்கும் பண்டிஜிப் மென்பொருளில் திறந்து, குறிப்பக்கத்தை ஜப்பானிய மொழிக்கு மாற்றினேன். ஒரே நிமிடத்தில் 140 பெயர்களும் வந்துவிட்டன. அதேபோன்ற செவன்-ஜிப் மென்பொருளின் கட்டளையில் 932 என்ற ஜப்பானியக் குறிப்பக்கம் கொடுத்தாலும் சரியாகும். ஒன்று மட்டும் கவனம்: மூல ஜிப்பை அழித்துவிடாதீர்கள். விரித்த கோப்புகளில் எழுத்துகள் கேள்விக்குறியாகவோ அடிக்கோடாகவோ மாறிப்போயிருந்தால், அவற்றிலிருந்து பழைய பெயரை மீட்க முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “வேலை முடிச்சுக் கொடுத்தாச்சு சார்” என்று ரசீதைக் காட்டினார்கள். லேப்டாப்பின் டெஸ்க்டாப் திரையில் நான் இரண்டு வருடமாகச் சேர்த்துவந்த கலைச்சொல் பட்டியல் விண்டோஸோடு போனது, அது எந்த மின்னஞ்சலிலும் இல்லை.