கிளிக் தரைக்கு அடியில் எதை விரிப்பது: ஃபோமா, எக்ஸ்பிஎஸ்ஸா, கார்க்கா, கனப் பாயா?

கிளிக் பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளுமே தவிர, கீழ்த்தரையோடு ஒட்டுவதில்லை. மேலே ஆள் நடக்கும்போது அடிவிரிப்பு எவ்வளவு அமுங்குகிறதோ, அவ்வளவு தூரம் அந்தப் பூட்டும் வளைய வேண்டும். லேமினேட்டில் இந்தப் பூட்டு என்பது மரநார்ப் பலகையில் கடைந்தெடுத்த ஓரிரு மில்லிமீட்டர் உதடு. வினைலில் அதைவிட மெல்லியது. தினமும் வளைந்து நிமிர்ந்தால் ஒருநாள் உடையும். "தடிமனாகப் போடுங்கள், கால் சொகுசாக இருக்கும்" என்று கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

அண்டர்லே, அதாவது அடிவிரிப்பு பாக்கெட்டில் முதலில் தேட வேண்டிய எண் சிஎஸ் (CS), அதாவது அமுக்கத்தைத் தாங்கும் வலு. கிலோபாஸ்கலில் போட்டிருக்கும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் பரிந்துரைப்படி லேமினேட்டுக்குக் குறைந்தது 10, நல்ல தரத்துக்கு 60. கிளிக் வினைலுக்குக் குறைந்தது 200, நல்ல தரத்துக்கு 400. இந்த இடைவெளியைப் பார்த்தாலே புரியும்: லேமினேட்டுக்கு வாங்கிய விரிப்பில் மிச்சமானதை அடுத்த அறையின் வினைலுக்குப் போடுவது வேலைக்கு ஆகாது. எஸ்பிசி (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கெட்டி வினைல்) பலகை பலவற்றின் முதுகில் 1 முதல் 1.5 மி.மீ. பேட் ஏற்கெனவே ஒட்டி வரும். அதற்குக் கீழே இன்னொரு ஃபோம் விரிப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தப்பு. இரண்டு பேட் சேர்ந்தால் இரண்டு மடங்கு ஆட்டம், அவ்வளவுதான்.

சாதா பிஇ (பாலிஎத்திலீன்) ஃபோம் (2 மி.மீ.)

எடை இல்லை, வெட்டுவது சுலபம், எங்கும் கிடைக்கும். சில ஆண்டுகளில் நடைபாதையில் மட்டும் அமுங்கித் தட்டையாகிவிடும். பிறகு அந்த இடத்தில் 'டொக் டொக்' சத்தம். ஆள் நடமாட்டம் குறைந்த படுக்கையறை லேமினேட்டுக்குப் போதும். கூடம், தாழ்வாரம், சக்கர நாற்காலி ஓடும் அறைக்கு வேண்டாம். வினைலுக்கு வேண்டவே வேண்டாம்.

எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன் நுரை) அட்டை (3 முதல் 5 மி.மீ.)

லேமினேட்டுக்கு நடுநிலையான, நம்பகமான தேர்வு. அமுக்க வலு 60-ஐத் தாண்டும் ரகங்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. குளிர்ந்த கான்கிரீட்டின் சில்லிப்பு மேலே ஏறாது. இதே குணம் தரைக்கடியில் சூடேற்றும் அமைப்பு உள்ள இடத்தில் பாதகமாகிவிடும். அங்கே அடிவிரிப்பும் பலகையும் சேர்ந்த வெப்பத்தடை (பாக்கெட்டில் R என்று, m²K/W அலகில் இருக்கும்) 0.15-ஐத் தாண்டக் கூடாது. 5 மி.மீ. எக்ஸ்பிஎஸ் மட்டுமே ஏறக்குறைய 0.14; 8 மி.மீ. லேமினேட் இன்னொரு 0.07. கூட்டினால் 0.21. குழாய் கொதிக்கும், அறை சூடாகாது.

கார்க்

அமுங்கினாலும் திரும்ப எழும். பல ஆண்டுகளுக்கு வடிவம் மாறாது. கீழ்வீட்டுக்குக் காலடிச் சத்தம் போவதையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் ஈரத்தைத் தடுக்காது. கான்கிரீட் மேல் கார்க் போட்டால் அதற்குக் கீழே பாலிதீன் ஷீட் கட்டாயம். இதை விட்டுவிட்டுக் கார்க்கின் மேல் பழி போடுபவர்கள் உண்டு.

பாலியூரித்தேன் - கனிமக் கனப் பாய் (2 மி.மீ. அளவில்)

சுருளைத் தூக்கும்போதே கனம் தெரியும். விலையில் எல்லாவற்றுக்கும் மேலே. ஆனால் அமுக்க வலு, சத்தம், சூடேற்றும் தரை என்று மூன்றிலும் இதுவே முந்தும். முக்கியமாக, நடக்கும்போது அந்த அறைக்குள்ளேயே எதிரொலிக்கும் காலடிச் சத்தத்தை இது அடக்கும். மெல்லிய ஃபோம் கீழ்வீட்டுக்குப் போகும் சத்தத்தைக் குறைத்தாலும் இந்த அறைச் சத்தத்தில் அதிகம் செய்ய முடியாது. கூடத்துக்குச் செலவழிக்க முடியுமென்றால் இதற்குத்தான் எங்கள் ஓட்டு.

ரப்பர் விரிப்பைப் பற்றி ஒரே வார்த்தை: வினைலோடு நேரடியாக ஒட்டியிருந்தால் மஞ்சள் பழுப்புக் கறை மேலே ஏறும். துடைத்தால் போகாது.

ஈரம்

தரைத்தளக் கான்கிரீட்டிலும் புதிதாகப் போட்ட தளத்திலும் 0.2 மி.மீ. பாலிதீன் ஷீட் விரித்து, ஒரு ஷீட்டின் ஓரத்தை அடுத்ததன் மேல் 20 செ.மீ. ஏற்றிவைத்து டேப் ஒட்ட வேண்டும். சுவரோரம் சில சென்டிமீட்டர் மேலே மடித்துவிட்டு, ஸ்கர்ட்டிங் அடிக்கும் முன் வெட்டிக்கொள்ளலாம். ஈரத்தடுப்புப் படலம் ஒட்டியே வரும் அண்டர்லே என்றால் தனி ஷீட் வேண்டாம், இணைப்புகளில் டேப் மட்டும் போதும்.

கான்கிரீட் காய்ந்ததா என்று பார்க்க 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக்கை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்தோ, தரையில் கருத்த திட்டோ இருந்தால் வேலையைத் தள்ளிவையுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் உள்ளே ஈரம் இல்லை என்று அர்த்தமில்லை. துளையிட்டு அளக்கும் ஈரமானியில் ஒப்பு ஈரப்பதம் (RH) 75 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். மரச்சட்டங்களின் மேல் அடித்த பழைய பலகைத் தரையில் நிலைமை வேறு: அங்கே பாலிதீன் விரித்தால் கீழிருந்து வரும் ஈரம் மரத்துக்குள்ளேயே அடைபட்டு உளுத்துப்போகும்.

விரிக்கும் முன்னும் விரிக்கும்போதும்

2 மீட்டர் நேர்ச்சட்டத்தைத் தரையில் வையுங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் மேட்டைத் தேய்க்க வேண்டும், பள்ளத்தை செல்ஃப் லெவலிங் கலவையால் நிரப்ப வேண்டும். தடித்த அண்டர்லே பள்ளத்தை நிரப்பாது, மறைக்கும். பூட்டு உடையும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

பலகைப் பெட்டிகளை அறையிலேயே 48 மணி நேரம் படுக்கையாக வையுங்கள். பரப்பளவுக்கு மேல் 10 சதவீதம், மூலைவிட்டமாகப் பதிப்பதென்றால் 15 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். அண்டர்லேவைப் பலகைக்குக் குறுக்கே விரித்து, ஓரத்தோடு ஓரம் ஒட்ட வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்தக் கோடு மேட்டாகும்.

முதல் வரிசையின் அகலத்தைக் கணக்குப் போட்டுத்தான் தொடங்க வேண்டும். அறை 3.5 மீ. அகலம், பலகை 192 மி.மீ., பலகை விரிய இரு சுவரிலும் 10 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 3480-ஐ 192-ஆல் வகுத்தால் 18 முழு வரிசை போக 24 மி.மீ. மிச்சம். கடைசி வரிசை 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பதால் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 108 மி.மீ.யாக அறுத்துக்கொண்டால் நடுவில் 17 முழு வரிசை சரியாக உட்காரும். அடுத்தடுத்த வரிசைகளின் தலை (குறுகிய பக்க) இணைப்புகள் குறைந்தது 30 செ.மீ. தள்ளி வரட்டும். கதவு நிலையைச் சுற்றிப் பலகையை வெட்டிப் பொருத்துவதைவிட, நிலையின் அடியை அறுத்துப் பலகையை உள்ளே தள்ளுவது சுத்தம்.

பிறகு கோளாறு வந்தால்

நடுவில் கூடாரம் போல் எழும்பினால் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிச் சுவரோர இடைவெளியைப் பாருங்கள். எங்கேயோ பலகை சுவரையோ கதவு நிலையையோ குழாயையோ முட்டிக்கொண்டிருக்கும். பதித்த சமையலறை மேடையைப் பலகையின் மேல் இறக்கியிருந்தாலும் இதே கதைதான். இணைப்பு ஓரங்கள் மட்டும் உப்பினால் ஈரம். லேமினேட்டில் அது திரும்ப அமுங்காது, பலகையை மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் பூட்டு திரும்பத் திரும்பத் திறந்துகொண்டால் பசை போட்டு ஒட்டிப் பயனில்லை. அந்த இடம் வரை பிரித்து, நேர்ச்சட்டத்தை மறுபடி வையுங்கள்.