மறுமுத்திரை: காசிலிருந்து தொடங்குவதா, குறியிலிருந்து தொடங்குவதா?

பழைய கிரேக்க வெண்கலக் காசில் தலையுருவத்தின் கழுத்தருகே ஒரு சிறு குழி; குழிக்குள் ஒரு நட்சத்திரமோ எழுத்தோ புடைத்து நிற்கும். காசு புழக்கத்துக்கு வந்த பின்னால் ஒரு நகரமோ அரசோ படையோ குத்திய மறுமுத்திரை அது. இனங்காண இரண்டு வழிகள் உண்டு. குறி குத்தப்பட்ட அடிக்காசு எந்த ஊருடையது என்று பார்த்துவிட்டுக் குறிக்கு வருவது ஒன்று. குறியையே எடுத்துக்கொண்டு தொகுப்பு நூலில் தேடுவது மற்றொன்று. எது சரி என்பதைக் காசின் காலம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ரோமானியர் ஆட்சிக்கு முந்தைய காசு என்றால் அடிக்காசிலிருந்தே தொடங்க வேண்டும். நட்சத்திரம், நங்கூரம், ஆந்தை போன்ற சின்னங்களைப் பல நகரங்கள் பயன்படுத்தியிருக்கின்றன. குறி மட்டும் கையில் இருந்தால் பத்து ஊர்களுக்குக் கதவு திறந்திருக்கும். கிரிமியாவின் பாண்டிகாபையம் நல்ல சான்று. அங்கு கி.மு. 3ஆம் நூற்றாண்டு வெண்கலக் காசுகளில் முன்பக்கம் பன்னிரு கதிர் நட்சத்திரமும், பின்பக்கம் உறையிலிட்ட வில்லும் குத்தப்பட்டன. நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பவர் திசை தவறுவார். பின்பக்கத்தில் சிங்கத் தலையின் கீழே ஸ்டர்ஜன் மீனின் வால் சிறிதளவு தெரிந்தாலே ஊர் உறுதி. ஆனால் ஓர் எச்சரிக்கை: காசு அச்சான ஊரிலேயே குறியும் குத்தப்பட்டது என்று எப்போதும் கொள்ள முடியாது. அடிக்காசு உறுதியாகச் சொல்வது, குறி அந்தக் காசுக்குப் பிந்தியது என்பதை மட்டுமே.

ரோமானிய மாகாணக் காசுகளில் நிலைமை தலைகீழ். நெடுங்காலம் புழங்கி வழவழப்பான காசில் குறி மட்டுமே வாசிக்கக் கிடைக்கும். கி.பி. 70க்குப் பின் எருசலேமில் தங்கிய பத்தாம் லீஜியன் ஃப்ரெடென்சிஸ் என்ற ரோமானியப் படையின் குறிகள் அப்படிப்பட்டவை: எல், எக்ஸ், எஃப் என்ற எழுத்துகள், காட்டுப்பன்றி, போர்க்கப்பல். அடிக்காசு எதுவென்றே தெரியாவிட்டாலும் குறி தன்னைத்தானே சொல்லிவிடும். இங்கே கிறிஸ்டோபர் ஹவ்கீகோ 1985இல் வெளியிட்ட தொகுப்புக்கு ஈடில்லை. அது குறிகளை ஊர்வாரியாக அடுக்காமல் உருவங்கள், பொருள்கள், எழுத்துகள் என்று வகைவாரியாக அடுக்குகிறது. அதனால் ஊர் தெரியாமலே தேடலாம். ஆனால் அது ரோமானியக் காலத்துக்கு மட்டுமானது. அதில் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் குறியைத் தேடி, கிடைக்காததால் 'அரிய, பதிவாகாத குறி' என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஒற்றை எழுத்துக்கு மட்டும் இரண்டு வழிகளும் சேர்ந்தே தேவை. எப்சிலான் என்ற கிரேக்க எழுத்து ஒரு ஊர்ப் பெயரின் முதலெழுத்தாக இருக்கலாம். 5 என்ற எண்ணாகவும் இருக்கலாம். இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த பம்பிலியாவின் சீடே நகரில், ரோமானியப் பேரரசர் கல்லியேனஸ் காலத்துப் பெரிய வெண்கலக் காசுகளில் 10 அல்லது 11 அசாரியா (அக்கால வெண்கலக் காசு அலகு) என்ற மதிப்பு அச்சிலேயே இருக்கும். அவற்றின் மேல் குத்திய எப்சிலான் மதிப்பை ஐந்தாக மாற்றியது. எழுத்தின் வடிவமும் உதவும். பிறை வடிவச் சிக்மாவோ எப்சிலானோ இருந்தால் பெரும்பாலும் ரோமானியக் காலம்.

இனி, குறியைத் தெளிவாகப் பார்ப்பது. பக்கவாட்டு ஒளியில் எடுத்த படம், சமையல் அலுமினியத் தாளில் எடுத்த பதிவு, களிமண் பதிவு என மூன்றும் வழக்கில் உண்டு. எங்கள் தேர்வு ஒளிப்படமே. விளக்கைப் படத்தின் மேல் இடப்பக்கத்தில், மேசைக்கு 10 முதல் 20 பாகை உயரத்தில் நிறுத்துங்கள். காசை 45 பாகை வீதம் திருப்பி எட்டுப் படங்கள் எடுங்கள். குறி எந்தக் கோணத்திலும் குத்தப்பட்டிருக்கலாம். பல எழுத்துகள் பிணைந்த கூட்டெழுத்து ஒரு படத்தில்தான் நிமிர்ந்து நிற்கும். ஒளி கீழிருந்து வந்தால் குழி மேடாகத் தோன்றி ஏமாற்றும். களிமண் பதிவில் எழுத்து இடவலம் மாறும். எண்ணெய்ப் பசையும் காசில் ஒட்டும். அலுமினியத் தாள் ஆழமான குறிக்குச் சரி, தேய்ந்த குறியில் ஒன்றும் தராது. வெளிர்பச்சைத் தூள் உதிரும் காசில் எந்தப் பதிவும் எடுக்க வேண்டாம். குழியின் நீள அகலத்தை பிளாஸ்டிக் காலிப்பரால் மி.மீ. கணக்கில் அளந்து நூலின் அளவோடு ஒப்பிடுங்கள். உருவம் பொருந்தி அளவு பொருந்தாவிட்டால் அது வேறு அச்சு.

அது மறுமுத்திரைதானா என்பதற்கு நல்ல சோதனை மறுபக்கம். அடி விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் உருவம் நசுங்கித் தட்டையாகியிருக்கும். இரு பக்கமும் நடுவில் கூம்பாக இருக்கும் குழி மறுமுத்திரை அல்ல. காசுத் தகட்டைத் தயாரித்தபோது விழுந்தது. இரண்டு குறிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால், மற்றதன் விளிம்பை வெட்டுவதுதான் பிந்தையது. குழியின் சுவரில் களிம்பு (காலப்போக்கில் உலோகத்தின் மேல் படியும் படலம்) தொடர்ச்சியாகப் படர்ந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். விளிம்பில் களிம்பு விரிசல் விட்டு, உள்ளே உலோகம் பளிச்சென்று தெரிந்தால், அண்மையில் குத்திய போலி என்ற சந்தேகம் வலுக்கும். காசைச் சுத்தம் செய்தபோது அந்த இடத்தைச் சுரண்டியிருக்கிறார்களா என்பதையும் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள்.