ஆச்சி சேனல் மாற்றினால் பட்டாசலில் படம் போகும்: மூன்று டிவி இணைப்பு, ஒன்றரை வருட அனுபவம்

தென்காசியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் சித்தப்பா மகன் போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டான். "அண்ணே, மூணு ரூம்புக்கும் சேத்து டிஷ் போட்டா மலிவாத் தாரேன்னு சொல்லுதான். போட்டுறவா?" அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் எழுதியே அனுப்புகிறேன், மற்றவர்களுக்கும் உதவட்டும்.

எங்கள் வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறையில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், இடுப்பளவு தண்ணீர் நின்றது. டிவி, செட்டாப் பெட்டி, வயர் எல்லாம் போயிற்று. சுவர் காய்ந்து, வெள்ளையடித்து, திரும்ப வாங்கும்போது 2024 சித்திரை ஆகிவிட்டது. எப்படியும் புதிதாகத்தானே வாங்குகிறோம் என்று பட்டாசலுக்கு ஒன்று, ஆச்சி இருக்கும் அரங்கு வீட்டுக்கு (உள்ளறை) ஒன்று, மாடி அறைக்கு ஒன்று என மூன்று இணைப்பு எடுத்தோம்.

மாட்ட வந்த பையன் மாடிக்குத் தனி வயர் இழுத்தான். அரங்கு வீட்டுக்கு இழுக்க அவனுக்கு மனமில்லை. பட்டாசலுக்கு வந்த வயரையே கதவு நிலைக்கு மேலே வெட்டி, ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றைத் தீப்பெட்டி அளவில் வைத்து, ஒரு கிளையை உள்ளே விட்டுவிட்டான். மூன்று டிவியிலும் படம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது. பட்டாசலில் மகன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான். திடீரென்று 'சிக்னல் இல்லை' என்று வந்து நிற்கும். ஐந்து நிமிஷம் கழித்துத் தானே வரும். சில நாள் ஆச்சி அறையில் படம் போகும், பட்டாசலில் நன்றாக ஓடும். மழையும் இல்லை, காற்றும் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் ஆள் வரும். தட்டட்டிக்கு (மொட்டை மாடி) ஏறி டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பி, 250 ரூபாய் வாங்கிக்கொண்டு போகும். மூன்று தடவை இப்படி நடந்தது. மூன்று தடவையும் அவர்கள் இருக்கும்வரை படம் நன்றாகவே தெரிந்தது.

வேறு காரணம் தெரியாததால் பழி ஆச்சி மேல் விழுந்தது. ஆச்சிக்கு 84 வயது. கண் அவ்வளவாகத் தெரியாது. ரிமோட்டில் தனக்கு வேண்டிய எண்ணைத் தடவிப் பார்த்தே அழுத்துவதற்காக அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருந்தாள். "ஆச்சி எதையோ அமுக்கிட்டா" என்று பிள்ளைகள் சொல்ல, நானும் இரண்டு மூன்று முறை சத்தம் போட்டேன். கொஞ்ச நாளில் அவள் ரிமோட்டைத் தொடுவதையே விட்டுவிட்டாள். காலையில் யாராவது போட்டுக் கொடுத்த சேனலிலேயே ராத்திரி வரை இருப்பாள். எட்டு மாதம் இப்படிப் போனது. பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன். இதை விட முடியவில்லை.

கடைசியில் ஜங்ஷன் பக்கம் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் தட்டட்டிக்குப் போகவே இல்லை. ஆச்சியிடம் ரிமோட்டைக் கொடுத்து, "நீங்க எப்பவும் பாக்கதைப் போடுங்க ஆச்சி" என்றார். ஆச்சி சீரியலிலிருந்து பொதிகைக்குப் போனாள் (2024 ஜனவரியிலேயே அதற்கு டிடி தமிழ் என்று பெயர் மாறிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் பொதிகைதான்). பட்டாசலில் படம் போனது. திரும்ப சீரியலுக்கு வரச் சொன்னார். படம் வந்தது. நிமிர்ந்து கதவுக்கு மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கேபிள் காலத்துப் பழக்கம் தம்பி. டிஷ்ஷுக்கு ஆவாது."

விஷயம் இதுதான். கேபிளில் எல்லா சேனலும் ஒரே வயரில் சேர்ந்தே வரும். ஸ்ப்ளிட்டர் போட்டால் சிக்னல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டிஷ் அப்படி இல்லை. செயற்கைக்கோளிலிருந்து அலைகள் செங்குத்து, கிடைமட்டம் என இரண்டு வகையாக வருகின்றன; சில சேனல் ஒன்றில், சில சேனல் மற்றதில். எது வேண்டும் என்று பெட்டிதான் வயர் வழியாக, மேலே டிஷ்ஷின் முன்னால் இருந்து சிக்னலை வாங்கும் எல்என்பிக்குச் சொல்லும்: 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து, 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்டம். எல்என்பியில் வயர் மாட்டும் ஒரு வாயால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தர முடியும். ஒரே வயரில் இரண்டு பெட்டி தொங்கினால் 18 வோல்ட் கேட்பது ஜெயிக்கும், 13 கேட்பது இருண்டுபோகும். ஆச்சி எதையும் தப்பாக அழுத்தவில்லை. சேனல் மாற்றினாள், அவ்வளவுதான்.

நாலு வாய் உள்ள எல்என்பி, தட்டட்டியிலிருந்து அரங்கு வீட்டுச் சாளரம் வழியாகத் தனி வயர், கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய் ஆனது. அன்றைக்கு ராத்திரியோடு தொல்லை நின்றது. வயர் சாளரத்துக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி அவர் விட்டிருக்கிறார். மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே இறங்காது. ஐப்பசி மழை வலுத்தால் படம் போவது வேறு. அதற்கு டிஷ்ஷில் மருந்து கிடையாது.

சந்தாக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கூடுதல் டிவிக்கு 52 ரூபாய்தான் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது 2020 ஜனவரியில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த திருத்தம்: முதல் டிவிக்கு நெட்வொர்க் கட்டணம், அதாவது இணைப்புக்கான கட்டணம், அதிகபட்சம் 130 என்றால் மற்றவற்றுக்கு அதில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள்; இப்போது நிறுவனம் வைப்பதுதான் விலை. அப்போதும்கூட 52 என்பது நெட்வொர்க் கட்டணம் மட்டும். கட்டணச் சேனல்களுக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகக் காசு, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. "மலிவாத் தாரேன்" என்பவனிடம் மூன்று பெட்டிக்கும் சேர்த்து மாதம் எவ்வளவு என்று எழுதி வாங்கு தம்பி.

நியாயமாகச் சொன்னால், அண்ணாச்சி வந்துபோன பிறகு மூன்றும் அருமையாக ஓடின. அதிலும் மாடி டிவியில் வந்த படம்தான் வீட்டிலேயே துல்லியம். முதல் நாளிலிருந்து ஒரு தடவைகூட அது நின்றதில்லை. மகளும் மனைவியும் அங்கே நிம்மதியாகப் பார்த்த நாட்கள் உண்டு. குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது.

இருந்தும் மூன்று அறைத் திட்டம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மகள் இப்போது மாடியில் வைஃபையில்தான் எல்லாம் பார்க்கிறாள். அந்த அருமையான பெட்டிக்கு மாதாமாதம் சும்மா கட்டிக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் இன்னும் பூச்சு ஆகவில்லையே, தட்டட்டியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகக் குழாய் பதித்து வயரை இப்போதே இழுத்துவிடு. பெட்டி ஒன்று போதும். சித்தியும் உங்களோடு வந்து இருக்கப்போகிறாள் என்றால் அவள் அறைக்கு இரண்டாவது. மாட்ட வருகிறவன் பையில் ஸ்ப்ளிட்டர் இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்.

மாடி இணைப்பைப் போன வாரம் துண்டித்துவிட்டேன். பட்டாசலுக்கும் ஆச்சி அறைக்கும் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டியாயிற்று. பழைய பொட்டு உதிர்ந்துவிட்டது என்று ஆச்சி நேற்றுக் கேட்டாள். மகள் ரிமோட்டில் புதிதாக இரண்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறாள், சீரியலுக்கு ஒன்று, பொதிகைக்கு ஒன்று.