வீட்டு ஃபுரிகாகே: தாஷிச் சக்கையிலா, புதுச் சீவலிலா?

ஜப்பானில் சுடுசோற்றின் மேல் தூவிக்கொள்ளும் ஃபுரிகாகேயைப் பெரும்பாலும் கடையில் பாக்கெட்டாகவே வாங்குகிறார்கள். 1960இல் மருமியா நிறுவனம் கொண்டுவந்த, முட்டையும் கடற்பாசியும் கலந்த நோரிதாமா இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் வீட்டில் கிளறி எடுத்ததன் மணம் பாக்கெட்டில் வராது. வீட்டில் செய்ய இறங்கினால் முதல் கேள்வி, கட்சுவோபுஷியைப் புதிதாக எடுப்பதா, தாஷி என்ற சமையல் சாறு காய்ச்சி வடித்த சக்கையை எடுப்பதா என்பதுதான்.

கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டை போல இறுகும்வரை காயவைத்து, மெல்லிசாகச் சீவியது. மாசிக் கருவாடு சாப்பிட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். அதுவும் சூரை மீன்தான், வேகவைத்துப் புகையூட்டிக் காயவைப்பதுதான் முறை.

புதுச் சீவலில் செய்வது சுலபம். வெறும் வாணலியில் சின்னத் தீயில் ஓரிரு நிமிடம் புரட்டினால் மொறுமொறுவென்று ஆகிவிடும். கையால் நொறுக்கி, வறுத்த எள், உப்பு சேர்த்து, சாப்பிடும்போது நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்) கிள்ளிப் போட்டால் வேலை முடிந்தது. புகைமணம் முழுசாக இருக்கும். ஈரமே இல்லாததால், ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் தாராளமாக வரும். குறை என்று பார்த்தால் விலைதான். நல்ல சீவல் மலிவானதல்ல, அதில் ஒரு கைப்பிடியை எடுத்து அப்படியே நொறுக்க மனசு வர வேண்டும்.

சக்கை அப்படியல்ல. ஒரு லிட்டர் தாஷிக்கு 10 கிராம் கொம்பு என்னும் கடற்பாசியும் 20 முதல் 30 கிராம் சீவலும் போடுவார்கள். வடித்த பிறகு அத்தனையும் ஊறிப்போய் வடிகட்டியில் நிற்கும். அதைத் தூக்கி எறிகிற வீடுகள் உண்டு. எனக்கு அது தாங்காது. ஃபுரிகாகேயின் முன்னோடி என்று பரவலாகச் சொல்லப்படும் ‘கோஹான் நோ தோமோ’வே, தைஷோ காலத்தில் (1912–26) குமாமோதோவைச் சேர்ந்த மருந்தாளர் யோஷிமாரு சுயேகிச்சி, கால்சியம் குறையைப் போக்க மீன் முள்ளை அரைத்துச் செய்ததுதான். சாதாரணமாக எறிந்துவிடுவதைச் சோற்றுக்குக் கொண்டுவரும் யோசனை அதில் ஏற்கெனவே இருக்கிறது.

சுவையில் சக்கை பின்தங்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. சீவலின் இனோசினேட், கொம்புவின் குளூட்டமேட் என்ற சுவை தரும் பொருள்கள் இரண்டும் பெருமளவு தாஷியில் இறங்கிவிடுகின்றன. இந்த இரண்டும் சேரும்போதுதான் உமாமி என்னும் ஐந்தாம் சுவை பல மடங்கு கூடுகிறது. ஆகவே சக்கைக்கு வெளியிலிருந்து சுவை ஏற்றியே ஆக வேண்டும். அந்த வேலையைச் சோயா சாஸ் செய்கிறது, அதில் குளூட்டமேட் நிறைய உண்டு. மேலே சொன்ன அளவுச் சக்கைக்கு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி மிரின் (இனிப்பான அரிசி மது), ஒரு தேக்கரண்டி சர்க்கரை போதும்.

வரிசை முக்கியம். சக்கையை நன்றாகப் பிழிந்து, சீவலைப் பொடியாகவும் கொம்புவை மெல்லிய நாராகவும் நறுக்கி, முதலில் வெறும் வாணலியில் ஈரம் போகக் கிளற வேண்டும். உதிரியானதும்தான் சாஸ் கலவை. ஈரத்தோடேயே ஊற்றினால் அது வறுபடாது, குழம்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும். கடைசியில் எள். இதில் கிடைக்கும் கொம்புத் துண்டுகளின் மெல்லும் பதம் புதுச் சீவல் வகையில் கிடையவே கிடையாது. எனக்கு இதற்காகவே சக்கைதான் பிடிக்கும். ஆனால் ஃப்ரிட்ஜில் நாலைந்து நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. அதிகம் இருந்தால் ஃப்ரீசரில் போடலாம்.

அப்புறம் சால்மன். உப்பிட்ட துண்டைச் சுட்டு, தோலும் முள்ளும் நீக்கி, உதிர்த்து, வாணலியில் காயவைத்தால் ஓனிகிரிக்கு (சோற்று உருண்டைக்கு) அருமை. ஆனால் மீனையே தனியாக வாங்கிச் செய்வதால் இதைத் தினசரி ஃபுரிகாகே என்று சொல்ல மாட்டேன்.

மீனே வேண்டாம் என்பவர்களுக்கு யுகாரி, அதாவது துளசிக் குடும்பத்துச் சிவப்பு ஷிசோ இலையின் பொடி. ஹிரோஷிமாவின் மிஷிமா ஃபுட்ஸ் 1970இல் இந்தப் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் செய்ய வேண்டுமானால் உமெபோஷி என்னும் உமெப் பழ ஊறுகாய் போடும் வீடாக இருக்க வேண்டும்: ஜாடியில் ஊறிய சிவப்பு ஷிசோ இலையைப் பிழிந்து, கோடை வெயிலில் சருகாகக் காயவைத்து, உரலில் பொடிக்க வேண்டும். புளிப்பும் உப்பும் ஊதா நிறமுமாக அற்புதமாக இருக்கும். ஷிசோவும் உமெயும் கிடைக்காத ஊரில் இருந்தால் பாக்கெட்டே மேல், இதில் வீம்பு பிடிக்க ஒன்றுமில்லை.

நோரிதாமாவின் முட்டைக் குருணையும் அப்படித்தான். அவித்த மஞ்சள் கருவைச் சல்லடையில் தேய்த்து, சின்னத் தீயில் நிறைய நேரம் வறுத்தால் ஓரளவு கிட்டே வரலாம். ஆனால் அந்த மொறுமொறுப்பு வாணலியில் வருவதில்லை.

எந்த வகையானாலும் நோரியை மட்டும் டப்பாவில் கலந்து வைக்காதீர்கள், சக்கை வகையில் மறுநாளே நமத்துவிடும். சாப்பிடும்போது கிள்ளிப் போடுங்கள். சோறும் ஜப்பானியக் குட்டை அரிசியாக இருந்தால் நல்லது. அதன் பிசுபிசுப்பில்தான் தூள் ஒட்டிக்கொள்ளும். உதிரியான சோற்றில் போட்டால் பாதி கிண்ணத்தின் அடியில்தான் கிடக்கும்.