தூக்க மாத்திரை: தெருவையே அடக்குவதா, ஒலிபெருக்கியை நிறுத்துவதா?

கடையில் எல்லாமே 'தூக்க மாத்திரை'தான். உள்ளே போனபின் அவை செய்யும் வேலை வேறு வேறு. நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் பலரும் பார்த்திருக்கும் சோல்பிடெமையும், 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுவோரெக்ஸாண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மூளை நரம்புகளை அடக்கி வைக்கும் வேதிப்பொருள் காபா. சோல்பிடெம் அதன் கையை ஓங்க வைக்கிறது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் எழுதித் தரும் அல்பிரசோலம், குளோனாசெபம் போகும் வழியும் இதுதான். திருவிழாச் சத்தம் தாங்காமல் தெருவையே அதட்டி உட்கார வைப்பது மாதிரி. தூக்கம் வரும், சரி. கூடவே நினைவும் நடையும் கொஞ்சம் தள்ளாடும்.

சுவோரெக்ஸாண்ட் ஒலிபெருக்கியை மட்டும் நிறுத்துகிறது. நம்மை விழிப்பில் வைத்திருக்கும் ஒரெக்ஸின் என்ற மூளை வேதிப்பொருள்தான் அந்த ஒலிபெருக்கி. அதை 1998-இல்தான் கண்டுபிடித்தார்கள். பகலில் திடீர் திடீரெனத் தூக்கம் அமுக்கும் நார்கோலெப்சி நோயாளிகள் பலரிடம் இந்த ஒரெக்ஸின் இல்லாமல் போயிருந்தது. அப்படியானால் இதைச் சில மணி நேரம் தடுத்தால்? அந்தக் கேள்வியிலிருந்து வந்த மருந்து இது. நார்கோலெப்சி உள்ளவர்களுக்கு இதைத் தரக்கூடாது என்பதும் அதனால்தான்.

யாருக்கு எது? இரவில் எப்போது தூக்கம் கெடுகிறது என்பதைப் பொறுத்தது. சோல்பிடெமின் அளவு இரண்டரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். படுத்ததும் புரள்பவருக்கு அது போதும், மூன்று மணிக்கு விழிப்பவருக்குப் போதாது. சுவோரெக்ஸாண்டுக்கு சுமார் 12 மணி நேரம். நடு இரவு விழிப்புக்கு நல்லது, ஆனால் காலையில் வண்டி ஓட்டுபவர் யோசிக்க வேண்டும். குளோனாசெபமோ 30 மணி நேரத்துக்கு மேல். வயதானவர்கள் மறுநாளும் தடுமாறி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோல்பிடெம் பெண்கள் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுவதால், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, கார் ஓட்டுவது என்று விபரீதங்கள் வந்ததால் 2019-இல் அதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையும் சேர்ந்தது. எதை எடுத்தாலும் மதுவோடு வேண்டாம்.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் முன்னால் நிற்பது தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை, அதாவது மாத்திரை இல்லாமல் தூக்கப் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றுவது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் முதலில் பரிந்துரைத்ததும் அதையே. அப்புறம், மாதக்கணக்கில் குளோனாசெபம் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் சொல்லி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்.