சூடான தார், கட்பேக், எமல்ஷன்: சாலைப் பணியில் எது யாருக்கு ஆபத்து?

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பிறகு சுத்திகரிப்பு ஆலையில் எஞ்சும் கனமான பொருளைத்தான் நம் சாலைகளில் தார் என்று போடுகிறோம். சாதாரண வெப்பத்தில் இறுகிக் கிடக்கும் அதை ஜல்லியில் ஒட்டும்படி இளக்க மூன்று வழிகள் உண்டு. சூடேற்றலாம், மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானைக் கலந்து கட்பேக் ஆக்கலாம், நுண்துளிகளாக்கி நீரில் கலந்து எமல்ஷன் ஆக்கலாம். எதைத் தேர்வது என்பதைப் பெரும்பாலும் விலையும் பழக்கமுமே முடிவு செய்கின்றன. தாரைக் கையாளும் தொழிலாளியின் உடலையும், மிச்சம் போய்ச் சேரும் மண்ணையும் நீரையும் முன்வைத்து இம்மூன்றையும் ஒப்பிட்டால் முடிவு வேறாக அமைகிறது.

தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்கும் வி.ஜி.-30 (பாகுத்தன்மையை வைத்துத் தரம் பிரித்த ஒரு வகை) தாரை ஜல்லியோடு கலக்க 150 முதல் 165 பாகை செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். அதன் தீப்பற்று வெப்பநிலை 220 பாகைக்குக் குறையக்கூடாது என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 73 வரையறுத்திருப்பதால், வெப்பமானி பொருத்திய மூடிய தொட்டியில் அது எளிதில் தீப்பிடிப்பதில்லை. ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளாண்டுக்கு டேங்கரில் வந்து, குழாய் வழியே தொட்டிக்கு மாறி, கலவையாகவே வெளியேறும் தாரை யாரும் கையால் தொட வேண்டியதில்லை. அதே தாரை டிரம்மில் வாங்கி, சாலையோரத்தில் விறகும் பழைய டயரும் எரித்துக் காய்ச்சும்போது வெப்பநிலையை அளக்க எவரும் இருப்பதில்லை. ஒவ்வொரு 10 முதல் 12 பாகை கூடும்போதும் தார்ப்புகை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், அளவின்றிக் காய்ச்சுவது பொருளை வீணாக்குவதோடு, காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வாளியில் தார் ஏந்திச் செல்பவர்களின் நுரையீரலையும் பதம் பார்க்கிறது. சாலை அமைக்கும்போது தார்ப்புகைக்கு ஆளாவதை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றுள் ஒன்றாக 2பி பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்துள்ளது. ஆகவே சூடான தார் ஆபத்தானதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, அது எந்த அடுப்பில் சூடாகிறது என்று கேட்பதே பொருத்தம்.

சூடான தாருக்கு முதல் பகை தண்ணீர். ஒரு பங்கு நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 பங்காகப் பெருகும். மழையில் திறந்து கிடந்த டிரம்மின் அடியில் ஒரு குவளை நீர் தங்கியிருந்தாலும், தார் 100 பாகையைக் கடக்கும்போது நுரைத்துப் பொங்கி அருகில் நிற்பவர்மேல் கொட்டிவிடும். எரியும் தாரின்மேல் தண்ணீர் பீய்ச்சக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். உலர்பொடித் தீயணைப்பானும் மணலும் கையருகே இருக்க வேண்டும். பெரிய தொட்டிகளில் வேறொரு ஆபத்தும் உண்டு. சூடான தாரிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு தொட்டிக்குள் தாருக்கு மேலுள்ள காலி இடத்தில் சேர்ந்துகொள்ளும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் தெரிந்தாலும், செறிவு 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும் என்பதால், நாற்றம் இல்லையே என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது உயிரைப் பறிக்கும். காற்று வரும் திசையில் நின்றே திறக்க வேண்டும். சூடேற்றும் குழாய்களுக்கு மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தார் எப்போதும் நிற்க வேண்டும். குழாய் வெளியே தெரிந்தால் தீக்கு அதுவே போதும்.

சூடான தார் தோலில் பட்டால் உடனே குளிர்ந்த நீரில் குறைந்தது 20 நிமிடம் நனைக்க வேண்டும். ஒட்டிய தாரைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். விரலையோ கையையோ சுற்றி வளையமாக ஒட்டியிருந்தால், இறுகும்போது இரத்த ஓட்டத்தைத் தடுக்காதபடி அந்தத் தார் வளையத்தை மட்டும் கீறிப் பிளந்துவிட வேண்டும். மீதி வேலை மருத்துவருடையது. கையைக் கழுவ டீசலும் மண்ணெண்ணெயும் எடுக்கும் வழக்கத்தையும் விட்டாக வேண்டும். அவை தாரைக் கரைப்பதோடு தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையையும் கரைத்துவிடும். சமையல் எண்ணெயும் சோப்பும் போதும்.

கட்பேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. இதில் கலக்கும் மண்ணெண்ணெயில் பெரும்பகுதி வேலை முடிந்த பின் காற்றிலேயே போகிறது. மிதமான வேகத்தில் உலரும் எம்.சி.-30, எம்.சி.-70 என்ற கட்பேக் வகைகள் ஏறத்தாழ 38 பாகையிலேயே தீப்பற்றக்கூடியவை. சித்திரை வெயிலில் வெட்டவெளியில் வைத்த டிரம் அந்த வெப்பத்தை எளிதில் தாண்டும், தெளிப்பதற்குச் சூடேற்றுவதோ அதற்கும் மேலே. கடுங்குளிர்ப் பகுதிகளையும் அவசர வேலைகளையும் தவிர இதைப் பயன்படுத்தக் காரணம் எனக்குத் தெரியவில்லை. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பணி விதிகளும் அந்தத் திசையிலேயே செல்கின்றன.

எமல்ஷன் பழுப்பு நிறத் திரவமாக வந்து, ஜல்லியில் பட்டதும் நீர் பிரிந்து கறுக்கும். இதற்கு ஐ.எஸ். 8887 என்ற தரநிலை உண்டு. பழைய பரப்புக்கும் புதிய அடுக்குக்கும் இடையே தெளிக்கும் டேக் கோட்டுக்கு, விரைவில் நீர் பிரியும் ஆர்.எஸ்.-1 வகையை 20 முதல் 70 பாகைக்குள் தெளித்தாலே போதும். புகையில்லை, விறகில்லை, கொதிதாரால் வெந்த கால்கள் இல்லை. குழி அடைப்பதற்கும் டேக் கோட்டுக்கும் இதையே முதல் தேர்வாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீர் பிரிவதற்குள் மழை பிடித்தால் அத்தனையும் கழுவிக்கொண்டு போகும் என்பதால், ஐப்பசி கார்த்திகையில் வானத்தைப் பார்த்துத்தான் டிரம்மைத் திறக்க வேண்டும். எமல்ஷன் அமிலத்தன்மை உடையதாகையால் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும்.

இருப்பு வைப்பதில் எமல்ஷன் மற்ற இரண்டையும்விடக் கவனம் கேட்கும். சூடான தார் இறுகினால் மறுபடி இளக்கலாம். எமல்ஷன் ஒருமுறை திரிந்தால் அவ்வளவுதான். அதைக் கொதிக்கவிடக் கூடாது, உறையவிடக் கூடாது, அவ்வப்போது டிரம்மை உருட்டிவிட வேண்டும், முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். சூடு ஆறாத தார்த் தொட்டியில் எமல்ஷனை ஊற்றினால் மேலே சொன்னபடி நுரைத்துப் பொங்குவது இங்கும் நிகழும்.

கழிவு என்று வரும்போது தட்டு வேறு பக்கம் சாய்கிறது. சிந்திய சூடான தார் ஆறி இறுகி அங்கேயே நிற்கும். மண்வெட்டியால் பெயர்த்து, சுரண்டியெடுத்த பழைய சாலைக் கலவையோடு சேர்த்து மறுபடி பயன்படுத்தலாம். எமல்ஷனோ நீரோடு நீராய் ஓடி மழைநீர் வடிகாலில் இறங்கிவிடும். தார்த்துளிகளை நீரில் பிரியாமல் வைக்க அதில் சேர்க்கும் பால்மமாக்கி மீன்களுக்குக் கேடு. ஆகவே எமல்ஷன் தெளிக்கும் இடத்தில் வடிகால் வாயை முதலில் மணல் மூட்டையால் அடைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். சிந்தியதை மணலால் அணைகட்டி, திரிந்து இறுகிய பின் அள்ள வேண்டும். வண்டியைக் கழுவிய நீரையும் வாய்க்காலில் விடக்கூடாது. கட்பேக் சிந்தினால் கரைப்பான் மண்ணுக்குள் இறங்கும். அந்த மண்ணையே அகற்ற வேண்டியிருக்கும்.

காலி டிரம்களை நம் ஊர்களில் வெட்டி விரித்து வேலித் தகரமாகவும் கொட்டகைக் கதவாகவும் போடுகிறார்கள். ஒட்டியிருப்பது இறுகிய தார் மட்டுமே என்றால் அதில் பெரிய கேடில்லை; ஆனால் கட்பேக் டிரம்மைக் கேஸ் கட்டரால் வெட்டினால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். அபாயகரமான இரசாயனம் ஒட்டிய காலிக் கலன்களை 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் தனிக் கழிவாகவே வகைப்படுத்துவதால், அவற்றையும் தொட்டி கழுவிய கரைப்பான் வண்டலையும் அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். அதற்குக் கும்மிடிப்பூண்டியில் வசதி உண்டு. அந்தச் செலவை ஒப்பந்தப் புள்ளியிலேயே தனி இனமாகக் காட்டாதவரை, டிரம்கள் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குத்தான் போகும்.