உயிலா, செட்டில்மெண்டா?

சொந்த வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நினைப்பவர்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்பது, உயில் எழுதுவதா, உயிருடன் இருக்கும்போதே உரிமையை எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் செய்வதா என்பதையே. உயில், எழுதியவர் காலமான பிறகே நடைமுறைக்கு வரும் என்பதால், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். முத்திரைத் தீர்வை இல்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனால் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். எழுதியவர் இல்லாத நிலையில் கையெழுத்தையும் மனத்தெளிவையும் மெய்ப்பிக்க அந்தச் சாட்சிகளே தேவைப்படுவர் என்பதால், எழுதுபவரைவிட வயதில் இளையவர்களை அழைப்பது நல்லது.

செட்டில்மெண்ட் பத்திரமோ சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவாக வேண்டியது, செலவும் உண்டு. உரிமை உடனே கைமாறிவிடுவதால், பின்னாளில் மனம் மாறினாலும் எழுதிக்கொடுத்தவர் தாமாகவே அதை ரத்து செய்துவிட முடியாது. ஆகவே, ‘என் ஆயுட்காலம் வரை நானே அனுபவித்து வருவேன்’ என்ற வரியையும், சொத்தைப் பெறுபவர் தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்காமல் கையெழுத்திடக் கூடாது. மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோர வழி தருகிறது. பிள்ளைகளுக்குள் இப்போதே சச்சரவு இருந்தாலொழிய, குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு நான் உயிலையே பரிந்துரைப்பேன்.